13ஆம் தேதி நின்றுபோன ஸ்கிரிப்ட்: டேட் கட்டளை, கோப்பு நேரம் பற்றி உதவி தேவை

ஈரோடு_கணக்கு:

வணக்கம். ஈரோட்டில் ஒரு சின்ன ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். 14 வாடிக்கையாளர்களின் வங்கிப் பரிவர்த்தனை விவரம் ஒவ்வொரு வேலை நாளும் சிஎஸ்வி கோப்பாக வரும். கோப்பின் பெயரில் தேதி இருக்காது. உள்ளே இரண்டாவது வரியில் 01/08/2024 என்கிற மாதிரி இருக்கும். அந்தத் தேதியை எடுத்து, கோப்புக்கு வாடிக்கையாளர் எண்ணோடு சேர்த்துப் பெயர் வைத்து, 2024-08 போன்ற மாத ஃபோல்டருக்குள் தள்ளுகிற பாஷ் ஸ்கிரிப்ட் (லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு நிரல்) ஒன்று எழுதினேன். ஆகஸ்ட் 1 முதல் உபுண்டு சர்வரில் ஓடுகிறது. டேட் கட்டளைக்கு, தரும் தேதியைப் படிக்கச் சொல்லும் மைனஸ் டி போட்டு அந்தத் தேதியை அப்படியே கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

12ஆம் தேதி வரை ஒரு பிழையும் வரவில்லை. 13ஆம் தேதிக் கோப்புகள் 14ம் வந்த இடத்திலேயே கிடக்கின்றன. லாக்கில் "இன்வேலிட் டேட் 13/08/2024" என்று இருக்கிறது. ஸ்கிரிப்டில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. முந்தின நாள் வரை ஓடியது எப்படி நின்றது? சர்வரில் ஏதாவது அப்டேட் ஆகியிருக்குமா?

கருந்திரை:

அப்டேட் காரணமாக இருக்காது. கோப்புகள் போய்ச் சேரும் இடத்தில் 2024-12 என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பார்த்துச் சொல்லும் வரை ஸ்கிரிப்டை மறுபடி ஓட்ட வேண்டாம்.

ஈரோடு_கணக்கு:

இருக்கிறது சார்! 01, 02, 03, 05, 06, 07, 08, 09, 12 என்று ஒன்பது மாதங்களுக்கு ஃபோல்டர் இருக்கிறது. டிசம்பர் இன்னும் வரவே இல்லையே. 2024-08க்குள் வெறும் 14 கோப்புதான். நான் லாக்கை மட்டும்தான் தினமும் பார்த்தேன், ஃபோல்டரைத் திறந்து பார்க்கவில்லை.

கருந்திரை:

அப்படியானால் விஷயம் இதுதான். 13ஆம் தேதி வந்த கோளாறு இல்லை இது, 1ஆம் தேதியே வந்துவிட்டது. 13ஆம் தேதிதான் முதல்முறையாக உங்களிடம் வாய் திறந்து சொன்னது.

உங்கள் உபுண்டு சர்வரில் இருப்பது க்னூ டேட், அதாவது க்னூ திட்டம் எழுதிய டேட் கட்டளை. ஸ்லாஷ் போட்ட தேதியைக் கொடுத்தால் அது அமெரிக்க வழக்கப்படி மாதம், நாள், ஆண்டு என்றே படிக்கும். நீங்கள் கொடுத்த 01/08/2024 அதற்கு ஜனவரி 8. 02/08 பிப்ரவரி 8. 12/08 டிசம்பர் 8. நாள் எண் 12 வரை எல்லாமே செல்லுபடியாகும் மாதமாக இருப்பதால் பிழை எழ வழியே இல்லை. 13/08 வந்ததும் 13ஆம் மாதம் கிடையாது, அதனால் நின்றது.

உங்கள் பட்டியலே சாட்சி. 4 ஞாயிறு, 10 இரண்டாம் சனி, 11 ஞாயிறு. அந்த மூன்று மாத ஃபோல்டர்கள்தான் இல்லை. 8ஆம் தேதிக் கோப்பு மட்டும் தப்பித்தது, ஏனென்றால் 08/08ஐ எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். ஒன்பது நாள், 14 கணக்கு, ஆக 126 கோப்பில் 112 தப்பான இடத்தில் இருக்கும். எண்ணிப் பாருங்கள்.

தெருவிளக்கு:

இதற்கு லோக்கேலை (மொழி, நாட்டு வழக்கைச் சொல்லும் அமைப்பை) இந்தியாவுக்கு மாற்றினால் போதுமே? எல்சி_டைம் மாறியில் இந்திய ஆங்கிலத்தை வைத்தால் நாள் முதலில் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

கருந்திரை:

வராது. லோக்கேல் மாற்றினால் டேட் வெளியே காட்டும் தோற்றம் மாறும். உள்ளே வாங்கிப் படிக்கும் விதம் மாறாது. ஸ்லாஷ் போட்டால் மாதம்தான் முதலில் என்பது அதன் இலக்கணத்திலேயே இருக்கிறது. இதை நம்பிச் சரிசெய்துவிட்டோம் என்று இருந்தால் அடுத்த மாதம் 1ஆம் தேதி மறுபடி அதே கதைதான்.

லோக்கேல் வேறு இடத்தில் காலை வாரும். மாதப் பெயரை எழுத்தில் கேட்கிற பர்சன்ட் ஸ்மால் பி தமிழ் லோக்கேலில் தமிழ்ப் பெயரைத் தரும், ஆங்கில லோக்கேலில் ஆங்கிலப் பெயரைத் தரும். அந்தப் பெயரை இன்னொரு ஸ்கிரிப்ட் தேடிக்கொண்டிருந்தால் தேடியது கிடைக்காது. ஸ்கிரிப்டின் தலையிலேயே லோக்கேல் முழுவதையும் தீர்மானிக்கும் எல்சி_ஆல் மாறிக்கு, எந்த நாட்டையும் சாராத சி என்று வைத்துவிடுங்கள். இன்னும் நல்லது, மாதத்தை எப்போதும் எண்ணாகவே வாங்குங்கள்.

ஈரோட்டு நண்பருக்கு: தேதியை டேட் கட்டளையின் ஊகத்துக்கு விடாதீர்கள். எந்தக் குறியில் பிரிப்பது என்று சொல்லும் ஐஎஃப்எஸ் மாறிக்கு ஸ்லாஷைக் கொடுத்து, ரீட் கட்டளையால் நாள், மாதம், ஆண்டு என்று மூன்று மாறிகளில் பிரித்து வாங்குங்கள். ஆண்டு-மாதம்-நாள் என்று ஹைஃபன் போட்டு நீங்களே ஒட்டுங்கள். ஒட்டியதை மைனஸ் டியில் கொடுத்து, அதே ஆண்டு-மாதம்-நாள் தரும் பர்சன்ட் கேபிடல் எஃப் வடிவத்தில் திருப்பி வாங்கி, கொடுத்ததும் வந்ததும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். பிப்ரவரி 30 போன்ற தேதிகள் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஆண்டு முதலில் வரும் இந்த வடிவம் ஐஎஸ்ஓ 8601, 1988லிருந்து இருக்கும் தரம். இதில் குழப்பத்துக்கு இடமில்லை. பெயர் வரிசைப்படி அடுக்கினாலே கால வரிசையும் தானாக வந்துவிடும்.

மேக்_மேசை:

மேக்கில் இருப்பது பிஎஸ்டி டேட், க்னூ அல்லாத வேறு வகை. அதில் மைனஸ் டி இந்த வேலையைச் செய்யாது. மைனஸ் ஜே, மைனஸ் எஃப் போட்டு, "வருகிற தேதி நாள்/மாதம்/ஆண்டு வடிவில் இருக்கும்" என்று நாமே வடிவத்தைச் சொல்ல வேண்டும். முதலில் தொல்லையாகத்தான் தெரிந்தது. இந்த இழையைப் படித்தபிறகு அதுதான் நேர்மையான வழி என்று தோன்றுகிறது. கேட்காமல் ஊகிக்கிற கருவியைவிடக் கேட்டுச் செய்கிற கருவி மேல்.

ஒரே ஸ்கிரிப்ட் இரண்டிலும் ஓட வேண்டுமென்றால் கோப்பு நேரத்தை எடுப்பதிலும் வித்தியாசம் உண்டு. லினக்ஸில் ஸ்டாட் கட்டளைக்கு மைனஸ் சி, பர்சன்ட் கேபிடல் ஒய். மேக்கில் மைனஸ் எஃப், பர்சன்ட் ஸ்மால் எம். இரண்டுமே 1970லிருந்து எண்ணிய நொடிக் கணக்கைத் தரும்.

ஈரோடு_கணக்கு:

எண்ணிப் பார்த்தேன், சரியாக 112தான். கை நடுங்கிவிட்டது. இதில் ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வேண்டிய கணக்குகளும் இருக்கின்றன.

இன்னொன்றும் கேட்கிறேன், சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை. ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி போன மாதத்துக் கோப்புகளை ஜிப் செய்கிற வேறொரு ஸ்கிரிப்ட் ஜூனில் எழுதினேன். மாத எண்ணை வாங்கி ஒன்றைக் கழிப்பதுதான் வேலை. ஜூன், ஜூலை இரண்டும் சரி. ஆகஸ்ட் 1 அன்று "வேல்யூ டூ கிரேட் ஃபார் பேஸ்" என்று நின்றுவிட்டது. அன்று அவசரத்தில் கையால் ஜிப் செய்துவிட்டேன்.

கருந்திரை:

இது வேறு நோய். பாஷ் கணக்குப் போடும்போது பூஜ்ஜியத்தில் தொடங்கும் எண்ணை எட்டடி எண்ணாக, அதாவது 0 முதல் 7 வரை மட்டுமே இலக்கங்கள் உள்ள முறையில் படிக்கும். 01 முதல் 07 வரை எந்த முறையிலும் மதிப்பு ஒன்றுதான், அதனால் தெரியாது. 08, 09 இரண்டும் அந்த முறையில் இல்லாத எண்கள். அக்டோபர் வந்தால் 10, மறுபடி சரியாக ஓடும். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மட்டும் நோகும் ஸ்கிரிப்ட். நாள், மணி, நிமிடம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். தினமும் 8 மணிக்கும் 9 மணிக்கும் மட்டும் சாகிற ஸ்கிரிப்டை நான் பார்த்திருக்கிறேன்.

எண்ணுக்கு முன்னால் 10, பிறகு ஹேஷ் குறி போட்டால் பத்தடி எண்ணாகவே படிக்கும். க்னூ டேட்டில் பர்சன்டுக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு மைனஸ் போட்டால் முன்பூஜ்ஜியமே வராது.

ஆனால் உங்கள் வேலைக்கு ஒன்றைக் கழிப்பதே தப்பு. ஜனவரியில் 0ஆம் மாதம் வரும். சரி, "ஒன் மன்த் அகோ" என்று கேட்டுவிடலாமே என்றால் அதிலும் பள்ளம் உண்டு. 2023 மார்ச் 31 அன்று அப்படிக் கேட்டால் அது பிப்ரவரி 31க்குப் போகும், அப்படி ஒரு நாள் இல்லாததால் மார்ச் 3 என்று திரும்பி வரும். போன மாதம் கேட்டவருக்கு இதே மாதம் கிடைக்கும். க்னூ கையேடே சொல்லும் வழி: இந்த மாதத்தின் 15ஆம் தேதியை எடுத்து அதிலிருந்து ஒரு மாதம் பின்னால் போங்கள். எந்த மாதத்திலும் 15 உண்டு.

நிழற்படப்_பெட்டி:

இழை போகிற திசையைப் பார்த்து என் அனுபவத்தையும் சொல்ல வந்தேன். கோப்புக்கு உள்ளே இருக்கும் தேதியை நம்பினீர்கள், அதுவரை நல்லது. கோப்பின் மேல் இருக்கும் நேர முத்திரையை நம்பி நான் ஒரு நாள் முழுக்க அழுதிருக்கிறேன்.

பழைய நிழற்படங்களை ஸ்கேன் செய்து சேர்க்கிற வேலை எனக்கு. 2011இல் ஸ்கேன் செய்த ஒரு தொகுப்பு, பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி வைக்கும் டார் கோப்பாக இருந்தது. சரிபார்ப்பதற்காகத் தற்காலிக ஃபோல்டரில் மாலையில் பிரித்துப் போட்டேன். அந்த ஃபோல்டரில் 30 நாளுக்கு மேற்பட்டதை அழிக்கிற கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) ஒன்று இரவில் ஓடும். காலையில் வந்தால் ஒன்றுமில்லை. டார் பிரிக்கும்போது கோப்புகளின் பழைய எம்டைமையே (உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரத்தை) திருப்பி வைக்கிறது. அந்தக் கிரான் வேலையில் பழையதைத் தேடும் ஃபைண்ட் கட்டளைக்கு அவை 2011ஆம் ஆண்டுக் கோப்புகள். நேற்று வந்தவை என்று அதற்கு எப்படித் தெரியும்? சரிபார்த்து முடித்திருந்த 60 படங்களை மறுபடி சரிபார்த்தேன். டார் மூலம் இருந்ததால் பிழைத்தேன்.

தெருவிளக்கு:

அக்கா, அதற்கு சிடைமைப் பார்த்திருக்கலாமே? கிரியேஷன் டைம்தானே அது?

நிழற்படப்_பெட்டி:

இல்லை தம்பி, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். சி என்பது சேஞ்ச். கோப்பின் உள்ளடக்கமோ, உரிமையோ, அனுமதியோ, பெயரோ கடைசியாக மாறிய நேரம். அனுமதியை மாற்றும் சிஎச்மோட் ஒன்று கொடுத்தாலே சிடைம் இன்றைக்கு வந்துவிடும். ஆனாலும் நீ சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. எம்டைமை டச் கட்டளையால் எந்த ஆண்டுக்கும் மாற்றலாம், சிடைமை அப்படி மாற்ற முடியாது. அதனால் "இந்தக் கோப்பு இந்த டிஸ்க்கில் எத்தனை நாளாகத் தொடாமல் கிடக்கிறது" என்ற கேள்விக்கு சிடைம்தான் நெருங்கிய பதில். இப்போது என் தற்காலிக ஃபோல்டரை அதை வைத்துத்தான் சுத்தம் செய்கிறேன்.

கருந்திரை:

அக்கா சொன்னது முழுக்க சரி. பிறந்த நேரம் என்று தனியாக ஒன்று உண்டு, லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை அதைச் சேமிக்கிறது. லினக்ஸ் 4.11இல் அதைப் படிக்கும் வசதி வந்தது, 2019இல் வெளிவந்த க்னூ கட்டளைத் தொகுப்பான கோர்யூட்டில்ஸ் 8.31 முதல் ஸ்டாட் அதைக் காட்டுகிறது. ஆனால் அதுவும் இந்த டிஸ்க்கில் பிறந்த நேரம்தான். வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்தால் அங்கே புதிதாகப் பிறக்கும். கடைசியாகப் படித்த நேரமான ஏடைமை நம்பி எதையும் அழிக்காதீர்கள். 2009இல் வந்த லினக்ஸ் 2.6.30 முதல் ரெல்ஏடைம் முறைதான் வழக்கம். கோப்பை ஒரே நாளில் பத்து முறை படித்தாலும் பெரும்பாலும் ஒருமுறைதான் அது பதிவாகும்.

ஃபைண்ட் பற்றியும் ஒன்று. மைனஸ் எம்டைம் பிளஸ் 7 என்றால் ஏழு நாளைத் தாண்டியவை என்று நினைக்கிறோம். அது 24 மணி நேரத் துண்டுகளாக எண்ணி மீதியை விட்டுவிடும். 7 நாள் 23 மணி நேரம் ஆன கோப்பு அதற்கு 7தான், 7ஐவிடப் பெரியது இல்லை. எட்டு நாள் முழுதாக ஆனால்தான் சிக்கும். துல்லியம் வேண்டுமானால் நிமிடத்தில் எண்ணும் எம்மின், அல்லது ஒரு தேதியை நேரடியாகக் கொடுக்கிற நியூவர்எம்டி. அழிப்பதற்கு முன் அதே கட்டளையை டெலீட் இல்லாமல் பிரின்ட் போட்டு ஒருமுறை பட்டியலைக் கண்ணால் பாருங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

ஈரோடு_கணக்கு:

இதைப் படித்ததும் எங்கள் பழைய கோப்புகளைப் போய்ப் பார்த்தேன். ஏப்ரலில் புது ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினோம். எல்லாக் கோப்பிலும் மாற்றிய நாளின் தேதிதான் இருக்கிறது. மூன்று கோப்பில் மட்டும் 1970 ஜனவரி 1, காலை 5:30.

மேக்_மேசை:

நகலெடுக்கும் சிபி கட்டளையை வெறுமனே கொடுத்திருப்பீர்கள். மைனஸ் பி அல்லது மைனஸ் ஏ இருந்தால்தான் பழைய நேரம் கூடவே போகும். மாறியதை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்க் என்றால் மைனஸ் ஏ. பென்டிரைவ் ஃபேட் வடிவத்தில் இருந்தால் அதில் நேரம் இரண்டு நொடிக்கு ஒரு படி என்றுதான் பதியும். அதனால் ஆர்சிங்க் ஒன்றும் மாறாத கோப்பையும் மாறிவிட்டதாக நினைத்து மறுபடி நகலெடுக்கும். மாடிஃபை விண்டோ 1 என்று கொடுத்தால் அடங்கும்.

1970 காலை 5:30 என்பது நேரமே இல்லை. நொடி எண்ணிக்கை பூஜ்ஜியம் என்று அர்த்தம். கிரீன்விச்சில் நள்ளிரவு, நமக்கு ஐந்தரை. எங்கோ ஒரு நிரல் நேரம் தெரியாமல் பூஜ்ஜியம் எழுதியிருக்கிறது.

நல்லூர்வாசி:

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். ஐந்தரை என்றதும் ஒரு விசயம் சொல்ல வேணும். எங்களிட்ட ஒரு பழைய சஞ்சிகைச் சேகரம் இருக்கு. 1997 தொடக்கம் 2005 வரையான பதிவுகளின்ர நேரம் நொடிக் கணக்கிலதான் இருந்தது. எழுதினவர் ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டிப் போட்டு உள்ளூர் நேரம் எண்டு வச்சிட்டார். எல்லாம் அரை மணித்தியாலம் பிந்தி நிக்குது. நள்ளிரவை ஒட்டின பதிவுகள் முதல் நாளுக்குப் போட்டுது.

காரணம், இலங்கையில நேரம் மாறினது. 1996 மே மாதம் கிரீன்விச்சோட உள்ள வித்தியாசத்தை ஆறரை ஆக்கினவை, அந்த ஆண்டு ஒக்டோபரில ஆறாக்கினவை, 2006 ஏப்ரல் 15இல திரும்ப ஐந்தரைக்கு வந்தது. கையால கூட்டாமல், நேர வலயத்தைச் சொல்லுற டிஇசட் மாறியில ஆசியா/கொழும்பு எண்டு குடுத்து டேட்டிட்ட விட்டால் அந்தந்த ஆண்டுக்கு என்ன நேரமோ அதைச் சரியாப் போடும். இந்தியாக்காரர் நீங்கள் ஆசியா/கொல்கத்தா எண்டு குடுங்கோ. தயவுசெய்து ஒருவரும் ஸ்கிரிப்டுக்குள்ள ஐந்தரை மணித்தியாலம் எண்டு 19800 நொடியைக் கூட்டாதேங்கோ.

தெருவிளக்கு:

டிஇசட்டில் இந்திய நேரத்தின் சுருக்கமான ஐஎஸ்டி என்று கொடுத்தால் போதாதா? டேட் அதை ஏற்றுக்கொள்கிறதே, வெளியீட்டிலும் ஐஎஸ்டி என்று காட்டுகிறது.

கருந்திரை:

ஏற்றுக்கொள்வது போலத் தெரியும். பக்கத்தில் உங்கள் கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். பெயர் ஐஎஸ்டி, நேரம் யூடிசி, அதாவது கிரீன்விச் நேரம். அப்படி ஒரு மண்டலப் பெயர் அதன் தரவில் இல்லாததால் வித்தியாசம் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொண்டு, நீங்கள் தந்த பெயரை மட்டும் ஒட்டிக் காட்டுகிறது. அயர்லாந்தும் இஸ்ரேலும்கூடத் தங்கள் நேரத்தை ஐஎஸ்டி என்றுதான் சுருக்குகின்றன. நல்லூர்வாசி சொன்ன ஊர்ப் பெயர்தான் சரி.

ஈரோட்டு நண்பரே, உங்கள் சர்வர் வாடகைக்கு எடுத்ததா? அப்படியானால் பெரும்பாலும் யூடிசியில்தான் இருக்கும். நம் இரவு 2 மணிக்கு ஓடும் வேலைக்கு அங்கே முந்தின நாள் இரவு 8:30. இன்றைய தேதி கேட்டால் நேற்றைத் தரும்.

கிரானில் நேரடியாகத் தேதி வடிவம் எழுதியிருந்தால் அதையும் பாருங்கள். கிரானின் அட்டவணையான கிரான்டேப்பில் பர்சன்ட் குறிக்குப் புது வரி என்று பொருள், கட்டளை பாதியில் அறுந்துவிடும். முன்னால் பின்சாய்கோடு போடுங்கள், அல்லது தனி ஸ்கிரிப்டுக்குள் வைத்து அதைக் கூப்பிடுங்கள். ஸ்கிரிப்டுக்குள் டேட்டை ஒரே முறை, தொடக்கத்திலேயே கூப்பிட்டு மாறியில் வையுங்கள். நடுநடுவே கூப்பிட்டால் நள்ளிரவைத் தாண்டும்போது ஒரே ஓட்டத்தில் இரண்டு தேதி வரும்.

நிழற்படப்_பெட்டி:

கோப்புப் பெயரில் மணி, நிமிடம் சேர்த்தால் நடுவில் முக்காற்புள்ளி வேண்டாம். விண்டோஸ் அந்தப் பெயரையே ஏற்காது. டார் அதற்கு முன்னால் இருப்பதை வேறொரு கணினியின் பெயர் என்று எடுத்துக்கொண்டு அங்கே போகப் பார்க்கும். நான் 2024-08-13_2130 என்று எழுதுகிறேன்.

ஈரோடு_கணக்கு:

எல்லோருக்கும் நன்றி. செய்ததைச் சொல்கிறேன்.

சர்வர் யூடிசியில்தான் இருந்தது. ஸ்கிரிப்டின் மேலே டிஇசட்டும் எல்சி_ஆல்லும் வைத்தேன். தேதியை மூன்றாகப் பிரித்து ஒட்டி, திருப்பிக் கேட்டு ஒப்பிடுகிறேன். ஒப்பவில்லையென்றால் கோப்பு அங்கேயே நிற்கும், எனக்கு மெயில் வரும். முதலில் நகர்த்தாமல், திரையில் காட்டும் எக்கோ மட்டும் போட்டு 126 வரியையும் உட்கார்ந்து பார்த்தேன். பிறகுதான் நகர்த்தும் எம்வி. 13ஆம் தேதிக் கோப்புகளையும் சேர்த்து இப்போது 2024-08க்குள் 140 இருக்கிறது.

ஏப்ரலில் நகலெடுத்தவற்றின் நேரத்தை மீட்க முடியாது, பழைய டிஸ்க் அழிக்கப்பட்டுவிட்டது. ஆனால் எல்லாக் கோப்பின் உள்ளேயும் தேதி இருப்பதால், அதைப் படித்துப் பெயரில் சேர்க்கும் வேலையைச் சனிக்கிழமை செய்யப்போகிறேன்.

தப்பான எட்டு மாத ஃபோல்டர்களையும், காலி ஃபோல்டரை நீக்கும் ஆர்எம்டிர் கொடுத்து எடுத்தேன். உள்ளே ஒரு கோப்பு மிச்சம் இருந்தாலும் அது மறுத்துவிடும் என்பதால் அதையே கடைசிச் சரிபார்ப்பாக வைத்துக்கொண்டேன். எட்டும் மறுக்காமல் போயின. 2024-12 இனி டிசம்பரில்தான் வரும்.